செகண்ட்ஸ்

ஊத்துக்குளி வெண்ணெய்
பனியன் துணியில் மூட்டையாகி
சமையல்கட்டு ஜன்னல் கம்பியில்
மத்தியானத்திலிருந்து தொங்குகிறது.
மோர் முழுக்கச் சொட்டாமல் சர்க்கரையில் சேர்த்தால்
பூ நிற்காது, அழுதுவிடும்.
துணி, கட்டிங் வேஸ்ட்.
எந்த நாட்டுக்கோ போன
ஏதோ ஒரு குழந்தைச் சட்டையின்
கைக்குழியில் கழிந்தது.

பதினோரு வருஷம்
செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
விட்ட தையல், ஊசித் துளை, எண்ணெய்க் கறை,
ஒரு நூல் வெளியே எட்டிப் பார்த்தாலும்
சிவப்பு அம்பு ஒட்டி
அந்தப் பக்கம் எறிவேன்.
'கோகிலவாணி டேபிளுங்களா, பாஸ் ஆகாதுங்'
என்பார்கள் டெய்லர்கள்
ஓவர்லாக் சத்தத்தில் கேட்காதென்று நினைத்து.
நரம்பு சுருண்டு கால் வீங்கிய வருஷம்
கணக்கு முடித்து அனுப்பினார்கள்.
அம்பு ஸ்டிக்கர் ஒரு ரோல்
டிபன் பையோடு வந்துவிட்டது.
திருடவில்லை.
சரி, திருடினேன்.

இப்போது உட்கார்ந்து செய்கிற வேலை.
மைதாவை வட்டமாய் வெட்டி
ஓரம் மட்டும் சிவக்கச் சுட்டு
ஆறின பிஸ்கெட்டின் மேல்
நூற்றி நாலாம் நம்பர் நாசில்,
அகலம் கீழே, கூர் மேலே.
முதலில் மொட்டு.
அதைச் சுற்றி மூன்று.
மூன்றைச் சுற்றி ஐந்து.
அதற்கு மேல் இதழ் கேட்காதீர்கள்,
பிஸ்கெட் அவ்வளவுதான் தாங்கும்.
சித்திரை மாதத்துத் திருப்பூரில்
என் உள்ளங்கையே ஒரு அடுப்பு.
பத்துப் பூவுக்கு ஒரு தரம்
குண்டாத் தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்து
மறுபடி பையைப் பிடிக்க வேண்டும்.

நாளைக்கு அறுபது.
பெருந்துறையில் ஒரு நிச்சயம்.
எல்லாமே பீச் கலர் ரோஜா,
மேடைத் துணிக்கு மேட்சாக.
துணியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தது
அந்த அம்மிணி.
'ஷேடு மாறிடக் கூடாதுங்க்கா.'
வேலையை விட்டும் விடவில்லை பையர்.

என்ற பையன் மௌனீஷ்,
பேரில் மட்டும் மௌனம்.
ஆறாவது படிக்கிறான்.
பள்ளிக்கூடப் பையை இறக்கும் முன்னே கேட்பான்:
'ம்மா, இன்னிக்கு செகண்ட்ஸ் எத்தன?'
விரிசல் விட்டது, இதழ் பிய்ந்தது,
சரிந்து படுத்துக்கொண்டது,
எப்படியும் ஏழெட்டுத் தேறும்.
தேறாவிட்டால் தேற்றுவான்.
'இந்த எதழ் கிழிஞ்சிருக்குது பாரு.'
'அது மடிப்புடா.'
'கிழிசல்.'
அம்பை எடுத்துத் தட்டில் ஒட்டியும்விடுவான்.
எனக்கு வந்து வாய்த்த செக்கர்.

இன்றைக்குக் கரண்டு போகவில்லை.
கை நடுங்கவில்லை.
அறுபதும் ரோஜா.
மேலிருந்து பார்த்தான்,
பக்கவாட்டில் பார்த்தான்,
செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.
'எல்லாமே பாஸ்' என்றான்
என் மேல் புகார் சொல்வது போல.
போய்ப் படுத்துக்கொண்டான்.

பதினோரு வருஷத்தில்
எத்தனையோ செகண்ட்ஸ் கண்டுபிடித்திருக்கிறேன்.
ஒன்றைக்கூடச் செய்ததில்லை.
மூன்றாவது வரிசையில் ஒரு ரோஜா,
நல்ல ரோஜா,
அதன் மேல் கட்டைவிரலை வைத்தேன்.
வெண்ணெய் எதிர்க்கவே இல்லை.
அம்பு ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தபோது
மணி பதினொன்றே முக்கால்.

ஐம்பத்தொன்பது.
கலந்த பீச் தீர்ந்திருந்தது.
மீதி வெண்ணெயில் ரோஸ் ஒரு சொட்டு,
மஞ்சள் அரைச் சொட்டு,
பல்குச்சி நுனியில்.

காலையில் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'இது டேமேஜ் இல்ல.
உன்ற கட்டவெரலு.
ரேக தெரியுது பாரு.'
ரேகையிலிருந்தே தின்ன ஆரம்பித்தான்.

பெட்டி பெருந்துறை பஸ் ஏறிவிட்டது.
அறுபதாவது ரோஜா
அரை ஷேடு கூடுதல்.
தெரிந்தேதான் பாஸ் போட்டேன்.